ஹோம் தியேட்டர் பிசி சத்தமில்லாம ஓடணுமா? வாசகர் கேள்வி பதில்

படம் பாக்கறதுக்குன்னே டிவி பக்கத்துல பிசி வெச்சிருக்கறவங்ககிட்ட இருந்து இந்த தடவ நெறைய கேள்வி வந்திருக்கு, எல்லாமே சூடு, ஃபேன் சத்தம் இது ரெண்டத்தான் சுத்தி வருது, அதனால வேற கேள்விய எல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளி வெச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், டிவிக்கு கீழ இருக்கற கதவு போட்ட கேபினெட்ல ஒரு சின்ன பிசி வெச்சிருக்கேன். படம் போட்டா மொத அரை மணி நேரம் ஓடறதே தெரியாது, அப்புறம் ஃபேன் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, மெதுவா பேசற சீன்ல வசனமே கேக்க மாட்டேங்குது. சிபியு 85 டிகிரி காட்டுது. கேஸ்ல இன்னும் ரெண்டு ஃபேன் மாட்ட எடம் இருக்கு, வாங்கி போட்டுடலாமா?

பதில்: வேண்டாங்க, இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. நீங்களே உங்க கேள்வில விடைய சொல்லிட்டீங்க, "மொத அரை மணி நேரம் ஓடறதே தெரியாது"ன்னு. கூலர்ல கோளாறுன்னா படம் ஆரம்பிச்ச மூணு நாலு நிமிஷத்துலயே ஃபேன் ஏறிடும். அரை மணி நேரம் கழிச்சு ஏறுதுன்னா மெதுவா சூடாகிட்டு இருக்கறது கேபினெட்டுக்குள்ள இருக்கற காத்துதான். பிசி வெளிய தள்ளற சூட்டு காத்து போக வழியில்லாம திரும்ப முன்னாடி வந்து அதே பிசிக்குள்ள போகுது, போர்வைய தலையோட இழுத்து மூடிட்டு மூச்சு விடற கதைதான். உள்ள வர்ற காத்த விட ஹீட்சிங்க், அதாவது சிபியு சூட்ட வாங்கி காத்துல விடற உலோகத் தகடுங்க, குளிர்ச்சியா இருக்கவே முடியாது, அதனால 27 டிகிரில வர வேண்டிய காத்து 40ல வந்தா சிபியுவும் கிட்டத்தட்ட அதே 13 டிகிரி மேல போய் உக்காரும், நீங்க எத்தன ஃபேன் போட்டாலும் அந்த 13 டிகிரி போகாது.

நம்பலன்னா இன்னிக்கே ஒரு டெஸ்ட் பண்ணி பாருங்க. பிசிய கேபினெட்ல இருந்து முழுசா வெளிய எடுத்து தரையில வெச்சு அதே படத்த ஒரு மணி நேரம் ஓட விடுங்க, டெம்பரேச்சர குறிச்சுக்கோங்க. மறுபடி உள்ள வெச்சு கதவ மூடி அதே ஒரு மணி நேரம். ரெண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா குத்தம் பிசில இல்ல, மரப்பெட்டிலதான்.

கொஞ்சம் கணக்கும் பாத்துடலாம், இது தெரிஞ்சா தேவையில்லாத செலவு நெறைய மிச்சமாகும். பிசி இழுக்கற கரண்ட் அத்தனையும் கடைசில சூடாத்தான் வெளிய வரும். 100 வாட் இழுக்கற பிசி வழியா நிமிஷத்துக்கு 20 கன அடி காத்து போச்சுன்னா, வெளிய வர்ற காத்து உள்ள போனத விட சுமார் 9 டிகிரி கூட இருக்கும், காத்து பாதியா குறைஞ்சா 18 டிகிரி. படம் மட்டும் ஓட்டற, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசி பொதுவா 30ல இருந்து 60 வாட்டுக்குள்ளதான் இழுக்கும், அதுக்கு 20 கன அடி தாராளம், மெதுவா சுத்தற ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனே அத குடுத்துடும். ஆனா அந்த 20 கன அடியும் புதுக்காத்தா இருக்கணும், கேபினெட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கற பழைய காத்து கணக்குல வராது.

அதனால கேபினெட்ட கவனிங்க. பின்பக்க பலகைய எடுத்துட முடிஞ்சா அதுவே பாதி வேலை. முடியலன்னா கீழ ஒரு பக்கம் ஒரு ஓட்டை, அதுக்கு எதிர்ப்பக்கம் மேல ஒரு ஓட்டை, ரெண்டும் குறைஞ்சது பிசியோட ஃபேன் அளவாவது இருக்கணும், ரெண்டு மடங்கு இருந்தா இன்னும் நல்லது. ஒயர் போறதுக்கு விட்ட சந்து இதுல சேராது, அது ஒயராலயே அடைஞ்சு கெடக்கும். பிசிக்கு பின்னாடி சுவர் வரைக்கும் ஒரு 10 சென்டிமீட்டர் விடுங்க. அதே கேபினெட்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தா அது மேல பிசிய வெக்கவே வெக்காதீங்க, அதோட சூடு முழுக்க பிசியோட வயித்துக்குள்ளதான் போகும். இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா அப்ப ஒரு ஃபேன் வாங்கலாம், ஆனா அது பிசிக்கு இல்ல, கேபினெட்டோட மேல் ஓட்டைல காத்த வெளிய தள்ளற மாதிரி மாட்ட. 120 இல்லன்னா 140 மில்லிமீட்டர், டிவியோட யுஎஸ்பி போர்ட்ல இருந்து 5 வோல்ட் குடுத்தா போதும், 12 வோல்ட் ஃபேன் 5 வோல்ட்ல மெதுவா, சத்தமில்லாம சுத்தும், டிவிய ஆஃப் பண்ணா பல மாடல்ல அதுவும் சேந்து நின்னுடும். சில ஃபேன் 5 வோல்ட்ல கெளம்பவே கெளம்பாது, அதனால மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கைல வெச்சு ஓட்டி பாத்துடுங்க.

கேள்வி: என் கேஸ்ல ரெண்டு 80 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கு. பக்கவாட்டு மூடில 120 போட எடம் இருக்கு. பெரிய ஃபேன்னா சத்தமும் பெருசாத்தானே வரும்?

பதில்: அப்படியே நேர் எதிர். சத்தத்த முடிவு பண்றது முக்கியமா வேகம், அளவு அதுக்கு அப்புறம்தான். ஒரே ஃபேனோட ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கறது, பாதியாச்சுன்னா அது தள்ளற காத்தும் பாதியாகும், ஆனா சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும், 10 டெசிபல் குறைஞ்சாலே நம்ம காதுக்கு சத்தம் பாதியான மாதிரி இருக்கும்னு வெச்சு பாருங்க. காத்துல நஷ்டம் பாதி, சத்தத்துல லாபம் அதைவிட ரொம்ப பெருசு. 120 ஃபேனோட பரப்பு 80 ஃபேனோடத விட 2.25 மடங்கு, அதனால 80 கத்திக்கிட்டு தள்ளற காத்த 120 நிதானமா சுத்தியே தள்ளிடும், 700 800 ஆர்பிஎம்ல ஓடற ஒரு நல்ல 120 ஃபேன் சோபா வரைக்கும் கேக்காது. 80 ஃபேனோட சத்தம் கீச்சுன்னு மேல் சுருதில வேற இருக்கும், வசனத்தோட அதுதான் மோதும்.

நீங்க கேக்கல, ஆனா இதையும் சொல்லிடறேன், ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் ஓடினா ஒண்ணு ஓடறத விட 3 டெசிபல்தான் கூடும். அதனால வேகமா ஓடற ஒரு ஃபேனுக்கு பதிலா மெதுவா ஓடற ரெண்டு எப்பவும் தேவல.

கேள்வி: எனக்கு சூடு பிரச்சனையே இல்ல, 60 தாண்டாது. ஆனா ஃபேன் நிமிஷத்துக்கு நாலு தடவ உய்ய்ய்னு ஏறி இறங்குது, பைத்தியம் பிடிக்குது. கூலர மாத்தணுமா?

பதில்: கூலர் நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டியது பயாஸ்ல, அதாவது பிசி ஆன் ஆகும்போதே உள்ள போற மதர்போர்டு மெனுல, ரெண்டு செட்டிங். இப்போ வர்ற சிபியு எல்லாம் ஒரு சின்ன வேலை வந்தாலே, ஒரு மெனு திறந்தாலே, சில நொடிக்கு முழு வேகத்துக்கு தாவும், அந்த நேரம் சென்சார் 15 20 டிகிரி மேல காட்டும், அப்படியே திரும்ப இறங்கிடும். இதுக்குள்ள ஹீட்சிங்க் சூடே ஆகியிருக்காது. ஆனா மதர்போர்டு சென்சார பாத்து பயந்து ஃபேன ஏத்தும், அது வேகம் புடிக்கறதுக்குள்ள சூடு போயிடும், உடனே இறக்கும். தொடர்ந்து ஒரே அளவுல வர்ற சத்தத்த காது கொஞ்ச நேரத்துல மறந்துடும், ஏறி இறங்கற சத்தத்த மறக்கவே மறக்காது, அதான் 60 டிகிரிலயும் உங்களுக்கு இவ்ளோ எரிச்சல்.

பயாஸ்ல ஃபேன் கன்ட்ரோல் பக்கத்துக்கு போங்க. 60, 65 டிகிரி வரைக்கும் கோடு படுத்த மாதிரி நேரா இருக்கட்டும், ஒரே வேகம், உங்களுக்கு சோபால கேக்காத வேகம் எதுவோ அது. 65ல இருந்து 80 வரைக்கும் மெதுவா ஏறட்டும், 85க்கு மேல முழு வேகம் போகட்டும், அது பாதுகாப்புக்கு. அப்புறம் ஃபேன் எவ்ளோ நேரம் கழிச்சு வேகத்த மாத்தணும்னு ஒரு செட்டிங் இருக்கும், ஸ்டெப் அப் டைம், ஸ்மூத்திங், டிலே, ஒவ்வொரு போர்டுலயும் ஒரு பேரு, அத எவ்ளோ அதிகமா வெக்க முடியுமோ வெச்சுடுங்க. ஏறினதுக்கு அப்புறம் எத்தன டிகிரி இறங்கினா ஃபேன இறக்கணும்ங்கற ஹிஸ்டெரிசிஸ் இருந்தா 4, 5 டிகிரி குடுங்க.

சிபியு எவ்ளோ வாட் வரைக்கும் இழுக்கலாம்ங்கற பவர் லிமிட்டயும் குறைச்சு பாருங்க, படம் பாக்கறதுக்கு டர்போ வேகம் எதுக்கு? இன்டெல்னா பிஎல்1, பிஎல்2ன்னு ரெண்டு எண் இருக்கும், ஏஎம்டி ரைசன்ல பல போர்டுல ஈகோ மோடுன்னு நேராவே குடுத்திருப்பாங்க. சூட்ட அது பொறக்கற எடத்துலயே குறைச்சிட்டா ஃபேனுக்கு வேலையே கம்மி.

இன்னொண்ணு, என்ன பண்ணாலும் ஃபேன் முழு வேகத்துலயே நிக்குதுன்னு தனியா ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. ஃபேன் ஒயர்ல எத்தன பின்னுன்னு பாருங்க. 3 பின் ஃபேனுக்கு வோல்டேஜ குறைச்சாத்தான் வேகம் குறையும், 4 பின் ஃபேனுக்கு எப்பவும் 12 வோல்ட் போகும், நாலாவது பின்ல வர்ற பிடபிள்யூஎம் சிக்னல்தான் வேகத்த சொல்லும். 3 பின் ஃபேன மாட்டிட்டு, மதர்போர்டுல அத சொருகற ஹெட்டர் பிடபிள்யூஎம் மோடுல இருந்துச்சுன்னா அந்த ஃபேனுக்கு 12 வோல்ட் மட்டும்தான் தெரியும், முழு வேகத்துலதான் சுத்தும். பயாஸ்ல அந்த ஹெட்டர, வோல்டேஜ குறைச்சு வேகத்த குறைக்கற டிசி மோடுக்கு மாத்தினா சரியாயிடும்.

கேள்வி: முன்னாடி உள்ள இழுக்க, பின்னாடி வெளிய தள்ள, சரியா? எது அதிகமா இருக்கணும்?

பதில்: சரிதான். உள்ள இழுக்கறது கொஞ்சம் கூட இருக்கட்டும், அப்பதான் கேஸுக்குள்ள அழுத்தம் லேசா ஏறி, சந்து பொந்துல இருந்து காத்து வெளிய போகும், தூசி ஃபில்டர் இருக்கற வழியா மட்டும் காத்து உள்ள வரும். வெளிய தள்றது அதிகமானா டிஸ்க் வெக்கற சந்து, யுஎஸ்பி ஓட்டைன்னு எல்லா இடுக்கு வழியாவும் தூசியோட உறிஞ்சும். ஃபேனோட எந்தப் பக்கம் எதுன்னு குழப்பம்னா, ஃப்ரேம்ல கை மாதிரி கம்பிங்க மோட்டார பிடிச்சிட்டு இருக்கற பக்கம்தான் பொதுவா காத்து வெளிய வரும். டிஷ்யூ பேப்பர் துண்ட கிட்ட காட்டினா ஒரு நொடில தெரிஞ்சுடும்.

கேள்வி: ரொம்ப தட்டையான கேஸ், டிவிடி பிளேயர் மாதிரி இருக்கும். சிபியு மேல லோ ப்ரொஃபைல் கூலர், அதுக்கு மேல மூடில ஓட்டை ஓட்டையா இருக்கு. மூடிய கழட்டினா 62 டிகிரி, மூடினா 76. மூடிலதான் ஓட்டை இருக்கே சார், அப்புறம் ஏன்?

பதில்: மூடி போட்டும் போடாமலும் அளந்து பாத்தீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு சல்யூட், பாதி பேர் இத பண்ணாமலே புது கூலர் வாங்கிடறாங்க. 14 டிகிரி வித்தியாசம்னா கூலர் மேல தப்பே இல்ல, கேஸ் மூச்சு விடல.

என்ன நடக்குதுன்னா, இந்த மாதிரி கூலர்ல ஃபேன் மேல இருந்து இழுத்து கீழ மதர்போர்டு மேல ஊதும். ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஹீட்சிங்க்ல அடிச்சு சூடாகி வெளிய வந்த காத்து பக்கவாட்டுல போய் மேல எழும்பி அந்த இடைவெளி வழியாவே திரும்ப ஃபேனுக்குள்ள போகுது. மூடில இருக்கற ஓட்டை வழியா வர்றத விட பக்கத்துல இருக்கற சூட்டு காத்த இழுக்கறதுதான் ஃபேனுக்கு சுலபம், ஓட்டைல தடை இருக்கு, பக்கவாட்டுல இல்ல.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், எனக்கு ரொம்ப பிடிச்ச வேலையும் இதுதான். காத்து புகாத, துளை இல்லாத ஃபோம் ஷீட் ஒண்ணு எடுத்து, நடுவுல ஃபேன் அளவுக்கு வட்டமா வெட்டி, ஃபேன் மேல சதுர வளையம் மாதிரி வெச்சிடுங்க, உயரம் சரியா மூடிய தொடற அளவு, ஒரு மில்லிமீட்டர் கூட இருந்தா மூடி போடும்போது லேசா அமுங்கி நல்லா அடைச்சுக்கும். இப்போ ஃபேனுக்கு வேற வழியே கெடையாது, வெளிய இருந்து மட்டும்தான் இழுக்க முடியும். அதுக்கப்புறம் கேஸ்ல இருக்கற மத்த ஃபேன எல்லாம் வெளிய தள்ற மாதிரி திருப்பிடுங்க, இல்லன்னா உள்ள வந்த சூட்டு காத்துக்கு போக்கிடம் இருக்காது. மூடி கழட்டி வெச்சப்ப வந்த 62க்கு பக்கத்துல வந்து நிக்கும் பாருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபேன் இழுக்கற பக்கத்துல சல்லடைய ரொம்ப ஒட்டி வெச்சா ஒரு ஊளை சத்தம் வரும், ஓட்டை வழியா வர்ற கலங்கின காத்த இறக்கைங்க வெட்டறதால வர்றது அது. தள்ற பக்கத்துல தடை இருந்தா இவ்ளோ மோசமா கேக்காது. உங்களுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் இருக்கு, பிரச்சனை இல்ல. ஆனா ஃபேனும் சல்லடையும் ஒட்டிக்கிட்டு இருக்கற கேஸ் வெச்சிருக்கறவங்க, தகட்டுலயே ஓட்டை போட்ட கிரில்ல வெட்டி எடுத்துட்டு வட்டமான கம்பி கிரில் மாட்டினா காத்தும் கூடும், ஊளையும் போகும். தகடு வெட்டும்போது போர்டு எல்லாத்தயும் கழட்டி வெளிய வெச்சிடுங்க, இரும்புத்தூள் உள்ள விழுந்தா ஷார்ட் ஆயிடும்.

கேள்வி: 4கே படம் போட்டா மட்டும் சிபியு 70 சதவீதம் ஓடுது, சூடும் ஏறுது. மத்த படத்துக்கு ஒண்ணும் இல்ல.

பதில்: வீடியோவ பிரிக்கற வேலைய கிராஃபிக்ஸ் சிப் பண்ணாம சிபியு பண்ணிட்டு இருக்கு. பிளேயர் செட்டிங்ல ஹார்ட்வேர் டீகோடிங் ஆன்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, பல நேரம் அவ்ளோதான் விஷயம். விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல வீடியோ டீகோடுன்னு ஒரு கிராஃப் இருக்கும், படம் ஓடும்போது அது அசையலன்னா வேலை சிபியு தலைலதான் விழுது. ஆன்ல இருந்தும் அசையலன்னா பெரும்பாலும் சிப்புக்கே அந்த ஃபார்மட் தெரியாதுன்னு அர்த்தம். 10 பிட் எச்இவிசிங்கற வீடியோ ஃபார்மட் இன்டெல்ல 7ஆவது தலைமுறைல இருந்து வரும், ஏவி1ங்கற இன்னொரு ஃபார்மட் 11ஆவது தலைமுறைல இருந்து, என்விடியால ஏவி1 வேணும்னா ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ்ல இருந்து. பழைய சிப்பா இருந்தா ஃபேனோட மல்லுக்கட்டறத விட சிப்ப மாத்தறது நல்லது.

கேள்வி: ஃபேன் எல்லாத்தயும் நிறுத்தி பாத்தாலும் ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் இருக்கு. கேஸ் உள்பக்கம் சவுண்ட் ஃபோம் ஒட்டினா போயிடுமா?

பதில்: போகாது. அது ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு நொடிக்கு 120 தடவ சுத்துது, அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு ஸ்க்ரூ வழியா கேஸ் தகட்டுக்கு போய், அங்கிருந்து மரப்பலகைக்கு போய், பலகை முழுசா ஒரு ஸ்பீக்கர் மாதிரி பேசும். 5400னா 90 ஹெர்ட்ஸ். ஃபோம் மேல் சுருதி சத்தத்த கொஞ்சம் உறிஞ்சும், இவ்ளோ கீழ் சுருதிய ஒண்ணும் பண்ணாது, அது மட்டும் இல்லாம சின்ன கேஸ்ல காத்து போற வழிய அடைச்சுக்கும். டிஸ்க்க கைல லேசா தூக்கி பிடிச்சு பாருங்க, ஓடிட்டு இருக்கும்போது ஆட்டாம, ரீங்காரம் நின்னுடுச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு. ரப்பர் வாஷர் போட்டு மாட்டலாம், கேஸ் கால்கள் அடில மெத்துன்னு ஏதாவது வெக்கலாம். ஃபோமால சுத்தி மட்டும் வெக்காதீங்க, டிஸ்க் வெந்துடும், 45 டிகிரிக்குள்ள இருக்கறது அதுக்கு நல்லது. ஆனா என்னைய கேட்டா இந்த பிசில சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும் வெச்சிட்டு படம் எல்லாத்தயும் வேற ரூம்ல நெட்வொர்க் ஸ்டோரேஜ்ல வெச்சிடறதுதான் முழு தீர்வு.

கேள்வி: எத்தன நாளைக்கு ஒரு தடவ சுத்தம் பண்ணணும்? தெர்மல் பேஸ்ட்டும் மாத்தணுமா?

பதில்: நாள் கணக்கு பாக்காதீங்க, டெம்பரேச்சர பாருங்க. சுத்தமா இருக்கும்போது அதே படத்துக்கு என்ன டிகிரின்னு எழுதி வெச்சுக்கோங்க, 5, 6 டிகிரி ஏறினா திறந்து பாருங்க. காத்து அடிச்சு சுத்தம் பண்ணும்போது ஃபேன் இறக்கைய விரலால பிடிச்சுக்கோங்க, காத்துல அது கன்னாபின்னான்னு சுத்தினா பேரிங் போயிடும். பவர் சப்ளைய மட்டும் வெளிய இருந்து ஊதுங்க, கழட்டி திறக்கவே கூடாது, கரண்ட் பிளக்க எடுத்த அப்புறமும் உள்ள கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், உயிருக்கே ஆபத்து. சிபியுக்கும் கூலருக்கும் நடுவுல தடவற அந்த பேஸ்ட், கூலர கழட்டினா கண்டிப்பா புதுசு வெக்கணும், கழட்டாத வரைக்கும் சுத்தம் பண்ணியும் சூடு இறங்கலன்னா மட்டும் மாத்துங்க.

கேள்வி: ஃபேனே இல்லாத கேஸ் வாங்கிட்டா இந்த தலவலி எல்லாம் போயிடுமா?

பதில்: சத்தம் போயிடும், சூடு போகாது. அந்த கேஸ்ல சிபியுல இருந்து ஹீட் பைப் வழியா சூடு பக்கவாட்டு அலுமினிய சுவருக்கு போகும், கேஸே ஹீட்சிங்க். 35 வாட் சிபியுக்கு அருமையா இருக்கும், 65 வாட்டுனா கேஸ் தாங்கும்னு தயாரிப்பாளர் குறிப்புல போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும். சிபியுவ மட்டும்தான் பைப் கவனிச்சுக்கும், என்விஎம்இ எஸ்எஸ்டி, சிபியுக்கு பவர் குடுக்கற சிப்புங்க, ராம் இதெல்லாம் அசையாத காத்துல வெந்துட்டு இருக்கும், அதுங்கள தனியா பாக்கணும். சுத்தி நாலாபக்கமும் திறந்த எடம் வேணும், கதவு போட்ட கேபினெட்டுக்குள்ள இத வெக்கவே கூடாது. கேஸ தொட்டா சுடும், அது கோளாறு இல்ல, அப்படித்தான் வேலை செய்யணும்.

500 ஆர்பிஎம்ல ஒரு 120 ஃபேன் சும்மா உள்ள சுத்திட்டு இருந்தா உங்க காதுக்கு கேக்கவும் கேக்காது, மேல சொன்ன எல்லா சிப்பும் நிம்மதியா இருக்கும், அதனால முழுசா ஃபேன் இல்லாம போறத விட நான் இதத்தான் எப்பவும் சொல்வேன். அதுவும் வேண்டாம், சுத்தமா சத்தமே இருக்கக் கூடாதுன்னா பிசிய பக்கத்து ரூமுக்கு தூக்கிட்டு போங்க. சுவர்ல ஒரு ஓட்டை, அது வழியா எச்டிஎம்ஐ கேபிள். 4கேக்கு சாதாரண காப்பர் கேபிள் நீளம் ஆக ஆக சிக்னல் விட்டு விட்டு வர ஆரம்பிக்கும், அஞ்சு மீட்டர தாண்டினா ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்கிடுங்க, அதுல எந்த முனை பிசிக்கு எந்த முனை டிவிக்குன்னு எழுதியிருக்கும், சுவருக்குள்ள இழுக்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, மாத்தி மாட்டினா படம் வராது.